தெலுங்குப் பழமொழிகளுக்கும் மாணவர் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வரும் மாணவர் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பழமொழியும் அதன் பொருளும், அதையொட்டி ஒரு மலாய்ப் பழமொழியும் வெளியாவதை எங்கள் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே படித்து வருகிறோம். தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் செய்யுளுக்கும் பழமொழி போன்ற மொழியணிகளுக்கும் தனி இடம் இருப்பதால், அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. அதே பக்கத்தில் தெலுங்குப் பழமொழிகளுக்கும் ஒரு சிறு கட்டம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். தமிழ் நாளிதழில் தெலுங்குக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

மலேசியாவில் தமிழ் நாளிதழை வாங்கிப் படிக்கும் குடும்பங்களில் கணிசமானவை வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள். இவர்களுடைய முன்னோர் பழைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில் இருந்த விசாகப்பட்டினம், கஞ்சம் முதலிய மாவட்டங்களிலிருந்து, நம்முடைய முன்னோரைப் போலவே ஆள் திரட்டும் கங்காணிகளால் அழைத்து வரப்பட்டுத் தோட்டங்களில் குடியேறியவர்கள். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் அந்த வரத்து நீடித்தது. கீழ்ப் பேராக்கிலும் கெடாவிலும் ஜொகூரிலும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், தமிழர் லயமும் தெலுங்கர் லயமும் எதிரெதிரே இருந்த தோட்டங்கள் பல. சில தோட்டங்களில் தெலுங்குப் பள்ளிகளும் இருந்தன; ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குத்தான் வந்தார்கள். ஆகவே அவர்கள் தமிழில் எழுதப் படிக்கக் கற்றார்கள், தெலுங்கை வாயால் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. தெலுங்கில் அச்சிட்ட ஒன்றைக் கொடுத்தாலும் அவர்களால் படிக்க இயலாது. தங்கள் பாட்டி பேசும் பழமொழியை அவர்கள் அச்சில் பார்க்க வேண்டுமென்றால் அது தமிழ் எழுத்தில்தான், அதுவும் வீட்டுக்கு வரும் தமிழ் நாளிதழில்தான் முடியும்.

நான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து தெலுங்குக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமியார் பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். என் பிள்ளைகள் அவரை நாயனம்மா என்று அழைப்பார்கள். அவர் நாலு வார்த்தை பேசினால் அதில் ஒன்று சாமெத்தயாக இருக்கும். பழமொழியைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘சாமெத்த லேனி மாட்ட ஆமெத்த லேனி இல்லு’ என்று சாமெத்தயைப் பற்றியே ஒரு சாமெத்த உண்டு. பழமொழி இல்லாத பேச்சு விருந்து நடக்காத வீட்டுக்குச் சமம் என்பது அதன் கருத்து. தெலுங்கர் வீடுகளில் வயதானவர்களின் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது மிகைப்படுத்தல் இல்லை என்பது தெரியும். பிள்ளையைக் கண்டிப்பதற்கும், கடன் கேட்டு வந்தவருக்கு நயமாக மறுப்பதற்கும், சம்பந்தம் பேச வந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் சொல்வதற்கும் அவர்களுக்குச் சாமெத்தயே துணை. நேராகச் சொன்னால் முறிந்துபோகும் உறவு, பழமொழியால் சொல்லும்போது தப்பித்துக்கொள்கிறது.

தமிழும் தெலுங்கும் இந்த வகையில் எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்ட அதிகம் தேட வேண்டியதில்லை. ‘இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு’ என்பதைக் கேட்டவுடன் வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நமக்கே புரிந்துவிடுகிறது. ‘அய்யவாரு வச்சேதாக்கா அமாவாஸ்ய ஆகுதுந்தா’ என்பது ஐயர் வரும்வரை அமாவாசை காத்திருக்குமா என்ற நம் பழமொழியேதான். ‘ஆகலி ருசி எருகது, நித்ர சுகமெருகது’, அதாவது பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. புலியைப் பார்த்து நம்மவர் பழமொழியில் பூனை சூடு போட்டுக்கொள்கிறது. அவர்கள் பழமொழியில் நரி போட்டுக்கொள்கிறது. ராமேசுவரம் போனாலும் சனீசுவரன் விடவில்லை என்பதை அவர்களும் ராமேசுவரத்தின் பெயரைச் சொல்லியே சொல்கிறார்கள். விசாகப்பட்டினத்துக் கிராமத்தில் இருந்தவருக்கும் தென்கோடிக் கோயில் அவ்வளவு பழக்கமாக இருந்திருக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்கை இங்கே கிளப்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே மழையை நம்பி, ஒரே மாதிரிக் கழனியில் இறங்கி, ஒரே மாதிரிக் கோயில் திருவிழாக்களுக்குப் போன மக்கள் ஒரே மாதிரி பேசுவதில் வியப்பில்லை.

மாணவர் பக்கத்தில் இந்த ஒற்றுமைகளை மட்டும் அச்சிட்டால் அது பாதி வேலையாகவே முடியும் என்று நினைக்கிறேன். தமிழில் உள்ளதே தெலுங்கிலும் உள்ளது என்று மட்டும் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டு மொழிகளும் ஒரே செய்தியை வெவ்வேறு இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் அந்தப் பழமொழியைச் சொன்ன மனிதர் நம் கண்முன் வருகிறார். அப்படிப்பட்ட சிலவற்றை எடுத்துக்காட்ட அனுமதிக்க வேண்டும்.

‘பேதவாடி கோபம் பெதவிகி சேட்டு’ என்று ஒன்று. ஏழையின் கோபம் அவனுடைய உதட்டுக்கே கேடு என்பது பொருள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை இதற்கு இணையாகச் சொல்லலாம். இரண்டுமே ஏழையின் நிலையைத்தான் பேசுகின்றன. நம் பழமொழி அம்பலத்தைப் பார்க்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் காது கொடுப்பதில்லை என்கிறது. தெலுங்குப் பழமொழி அந்த ஏழையின் முகத்துக்கு அருகில் வந்து பார்க்கிறது. எதிர்த்துப் பேச முடியாமல் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் கோபத்தால் காயப்பட்டது அவனுடைய உதடு மட்டும்தான். என் மாமியாரின் தகப்பனார், விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்றும் ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்ட நாட்களில், வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வாராம். இந்தச் சூழலோடு கேட்ட பிறகு என் மகனுக்கு அந்தப் பழமொழி மறக்கவே இல்லை. தோட்ட வாழ்க்கையைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் பல பக்கங்களில் சொல்வதை அந்த நான்கு சொற்கள் சொல்லிவிடுகின்றன.

சமையலறையிலிருந்து பிறந்தவை தனிக் கூட்டம். ‘கந்தகு லேனி துரத கத்திபீட்டகெந்துகு’ என்பார் என் மாமியார். சேனைக்கிழங்குக்கே இல்லாத அரிப்பு, அதை நறுக்கும் அரிவாள்மணைக்கு எதற்கு என்ற கேள்வி அது. அண்ணன் தம்பி இருவரும் சண்டை போட்டுச் சமாதானமாகிவிட்ட பிறகும் இடையில் நின்று பொருமிக்கொண்டிருக்கும் உறவினரிடம் இதைச் சொல்வார்கள். சேனைக்கிழங்கை வெட்டிக் கை அரித்தவர்களுக்கு இதன் நயம் உடனே விளங்கும். அந்தக் கிழங்கைத் தொட்டு வெட்டியவர்தான் இதை உருவாக்கியிருக்க வேண்டும். படித்த புலவர் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. ‘உல்லி சேசின மேலு தல்லி கூடா சேயது’, அதாவது வெங்காயம் செய்யும் நன்மையைத் தாய்கூடச் செய்யமாட்டாள் என்பதும் அந்த வகைதான். ‘அடகந்தே அம்மைனா பெட்டது’ என்றும் ஒன்று உண்டு. கேட்காவிட்டால் அம்மாவும் சோறு போடமாட்டாள் என்று அது சொல்கிறது. நம்முடைய அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதில் பிள்ளை அழுகிறது. அங்கே வாய் திறந்து கேட்கச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் இளையவர்களுக்கு இரண்டில் எது பொருத்தம் என்று எங்கள் வீட்டில் நல்ல விவாதமே நடந்திருக்கிறது.

கடனைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ‘அப்பு சேசி பப்பு கூடு’ என்பதன் பொருள் கடன் வாங்கிப் பருப்புச் சோறு என்பது. வருமானத்துக்கு மீறி வாழ்கிறவரைப் பற்றிச் சொல்லப்படுவது. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது பருப்பு. தங்கமும் பட்டும் விலையுயர்ந்த விருந்தும் இந்தப் பழமொழியில் இல்லை. ஒரு வேளை பருப்புச் சோறுகூடக் கடனில் சாப்பிட்டால் அது மீறல்தான் என்று எண்ணிய மக்களின் கணக்கு அது. கேழ்வரகுக் கூழிலும் கம்பங்களியிலும் காலம் தள்ளியவர்களுக்குப் பருப்பும் அரிசிச் சோறும் எவ்வளவு எட்டாத ஒன்றாக இருந்திருக்கும் என்பதை இன்றைய பிள்ளைகள் இதன் வழியாக அறியலாம். கல்யாண மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் வங்கிக் கடன் வாங்கும் வழக்கம் நம்மிடையே பரவிவரும் இந்நாளில், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்து பேசும்போது ஒரு பெரியவர் இந்தப் பழமொழியை மெதுவாக எடுத்துவிட்டால் செலவுப் பட்டியல் சற்றுச் சுருங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

‘இண்ட கெலிச்சி ரச்ச கெலவாலி’ என்பது பொதுவாழ்க்கையில் இருப்பவர்களுக்கு ஏற்றது. முதலில் வீட்டில் வென்று, பிறகு ஊர் கூடும் மன்றத்தில் வெல்ல வேண்டும் என்பது. ஊர்ப் பொறுப்புகளை ஏற்க முன்வரும் இளைஞர்களிடம் முதியவர்கள் இதைச் சொல்வார்கள். கடிந்தும் சொல்லலாம், வாழ்த்தியும் சொல்லலாம். ‘ஆலு லேது, சூலு லேது, கொடுகு பேரு சோமலிங்கம்’ என்பதைக் கேட்டாலே பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். மனைவியும் இல்லை, கர்ப்பமும் இல்லை, அதற்குள் மகனுக்குச் சோமலிங்கம் என்று பெயர் வைத்தாயிற்று. ‘அடுசு தொக்கனேல, காலு கடுகனேல’, சேற்றை மிதிப்பானேன், காலைக் கழுவுவானேன் என்பது வேண்டாத வம்பில் தலையிடுவோருக்கு. ‘பொருகிண்டி புல்லகூர ருசி’ என்று பக்கத்து வீட்டுப் புளிக்குழம்பின் ருசியைப் பற்றியும், ‘தூரப்பு கொண்டலு நுனுபு’ என்று தொலைவிலிருந்து பார்த்தால் வழுவழுப்பாகத் தெரியும் மலைகளைப் பற்றியும் சொல்வார்கள். இவை போதும், சொல்லத் தொடங்கினால் தங்கள் பக்கம் கொள்ளாது.

பழமொழிகளைத் தொகுக்கும் பணி இரு மொழிகளிலும் நெடுங்காலமாகவே நடந்திருக்கிறது. தமிழில் பழமொழி நானூறு ஒவ்வொரு வெண்பாவின் முடிவிலும் ஒரு பழமொழியை வைத்துக் காத்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைக் கொண்ட பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு 1874-இலும், ஜென்சன் பாதிரியாரின் தொகுப்பு 1897-இலும் வந்தன. தெலுங்குப் பழமொழிகளை எம். டபிள்யூ. கார் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி திரட்டி 1868-இல் சென்னையில் வெளியிட்டார். சி. பி. பிரவுன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1829-இல் தெலுங்குக் கவிஞர் வேமனரின் பாடல்களை அச்சேற்றியதால், ‘தினக தினக வேமு திய்யனுண்டு’ போன்ற வேமனரின் வரிகள் பழமொழியாகவே மக்கள் வாயில் புழங்குவதற்கு ஏட்டுச் சான்றும் கிடைத்தது. தின்னத் தின்ன வேம்பும் இனிக்கும் என்ற அந்த வரியும், சித்திரமும் கைப்பழக்கம் என்று தொடங்கும் ஔவையாரின் வெண்பாவும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கத் தகுந்தவை. நமக்குக் கிடைக்கும் பெரிய தொகுப்புகளில் குறை என்னவென்றால், பழமொழியும் பொருளும் வரிசையாக இருக்கின்றன, யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னார்கள் என்பது பெரும்பாலும் இல்லை. தொல்காப்பியம் முதுமொழியின் இலக்கணம் சொல்லுமிடத்தில், நுண்மையும் சுருக்கமும் ஒளியும் மென்மையும் விளங்கத் தோன்றி, ‘குறித்த பொருளை முடித்தற்கு’ வருவது என்கிறது. முடிப்பதற்கு ஒரு பொருள் எதிரில் இருந்தால்தானே பழமொழி வேலை செய்யும்? ஆகவே தங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெலுங்குப் பழமொழியின் கீழும் அது எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்படும் என்று இரண்டு வரி சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது என் வலுவான வேண்டுகோள்.

மலாய்ப் பழமொழியையும் அருகில் வைத்தால் பிள்ளைகளுக்கு மூன்று மொழிகளும் ஒரே நேரத்தில் பதியும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் வயதைக் கணக்கிடுகிறோம். ‘மொக்கை வங்கனிதி மானை வங்குனா’ என்று தெலுங்கர் செடியையும் மரத்தையும் காட்டுகிறார்கள். ‘மெலெந்தூர் பூலோ பியார்லா டாரி ரெபோங்ஞா’ என்று மலாய்க்காரர்கள் மூங்கிலைக் குருத்திலேயே வளைக்கச் சொல்கிறார்கள். தேர்வுக்காக மலாய்ப் பழமொழியை மனப்பாடம் செய்து அலுத்துப்போன பிள்ளைக்கு, அதே கருத்தைத் தன் பாட்டியும் சொல்கிறார் என்று தெரியும்போது அது உயிருள்ளதாகிவிடும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. எல்லா மொழிகளின் பழமொழிகளிலும் பெண்களையும் சில சமூகங்களையும் இழிவாகப் பேசுபவை கலந்திருக்கின்றன. தமிழும் இதற்கு விலக்கு இல்லை, தெலுங்கும் இல்லை. ஸ்ரீரங்கத்து நீதிகளை வாயால் பேசிக்கொண்டு வேறு விதமாக நடப்பவரைச் சாடும் தெலுங்குப் பழமொழி ஒன்று புகழ்பெற்றது. அதன் பின்பாதி, ஊர் ஊராகச் சென்று கழைக்கூத்தாடிப் பிழைத்த ஒரு மக்கள் கூட்டத்தைத் தாழ்த்திப் பேசுவதால் அதைச் சிறுவர் பக்கத்தில் வெளியிடக் கூடாது என்பேன். ஆய்வாளர்கள் தங்கள் நூல்களில் வைத்துக்கொள்ளட்டும். மாமியார் மருமகளைப் பற்றியவை எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டுமா என்றால், அப்படி இல்லை. ‘அத்த லேனி கோடலு உத்தமுராலு, கோடலு லேனி அத்த குணவந்துராலு’ என்ற பழமொழி, மாமியார் இல்லாத மருமகளும் மருமகள் இல்லாத மாமியாரும் நல்லவர்களாகவே இருப்பார்கள் என்று இருவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. இதை என் மாமியாரே எனக்குச் சொல்லித் தந்தார்.

தமிழ் நாளிதழின் இடம் தமிழுக்கே போதவில்லையே என்ற கவலையை நானும் மதிக்கிறேன். ஆனால் இந்நாட்டில் தமிழ்ப்பள்ளிகளின் வகுப்பறைகளை நிரப்பியவர்களில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களிலிருந்து தமிழாசிரியர்களும் வந்தார்கள். முதலாம் உலகத் தமிழ் மாநாட்டை 1966-இல் கோலாலம்பூரில் நடத்திப் பெருமைகொண்டோம். இரண்டாம் உலகத் தெலுங்கு மாநாடும் 1981-இல் அதே கோலாலம்பூரில்தான் நடந்தது. மாநாடுகள் நூலறிஞர்களுக்கு உரியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, வாசலில் உட்கார்ந்து பழமொழி பேசும் வழக்கமே அருகிவிட்டது. என் மாமியாரின் வயதில் இருப்பவர்கள் போய்விட்டால் அவற்றைச் சூழலோடு சொல்லித் தர ஆள் இருக்காது. ‘வான ராக்கட, பிராணம் போக்கட எவரிகி தெலுசு’ என்று அவரே அடிக்கடி சொல்வார். மழை வருவதும் உயிர் போவதும் யாருக்குத் தெரியும் என்ற அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த அவசரம் கூடுகிறது.

அச்சிடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தெலுங்கின் வல்லோசை மெல்லோசை வேறுபாடுகளைத் தமிழ் எழுத்து முழுவதும் காட்டாது. தெலுங்கு தெரியாத ஒருவர் படித்தால் சில சொற்கள் பிறழும். அதனால் எழுத்தோடு நின்றுவிடாமல், வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் தெலுங்கு பேசும் பெரியவரிடம் அந்த வாரப் பழமொழியைச் சொல்லச் சொல்லிக் கேட்டு வரும்படி பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சியாகவே கொடுத்துவிடலாம். ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

தெலுங்குப் புத்தாண்டான உகாதி மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் வருவதால், அந்த வாரத்து ஞாயிறு பதிப்பில் இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். பழமொழி, அது பேசப்பட்ட தோட்டம் அல்லது ஊர், யார் எந்த நேரத்தில் சொன்னார் என்ற மூன்றையும் எழுதி அனுப்புமாறு வாசகர்களுக்குத் தாங்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டால், என் மாமியாரிடமிருந்தும் புக்கிட் மெர்தாஜாமில் எங்களுக்குத் தெரிந்த தெலுங்குக் குடும்பங்களிடமிருந்தும் கேட்டு எழுதி முதல் கட்டாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி ஒருவர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.